பத்தொன்பதாவது பாட்டில்

— பதினெட்டு மூடியையும் கழுவிட்டீங்களா மாப்பிள்ளை?

— ஆமா அத்தை. நீங்க குளிச்சிட்டு வர்றதுக்குள்ள ஒரு வேலையாவது முடிச்சு வைப்போமேன்னு பார்த்தேன். எல்லாம் ஒரே தூசி, பிசுபிசுப்பு. சோப்புத் தண்ணியில ஊறப் போட்டு, பழைய பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்தேன். பாருங்க, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை, எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு.

— எல்லா மூடியையும் ஒரே சட்டியிலயா ஊறப் போட்டீங்க?

— ஒரே சட்டிதான். கொஞ்சம் புஸ்ஸுன்னு நுரை வந்துச்சு. கண்ணு லேசா எரிஞ்சுச்சு. சோப்பு அதிகமாயிடுச்சு போலன்னு விட்டுட்டேன்.

— ஐயோ, அது சோப்பு இல்ல! முதல்ல ஜன்னலைத் திறங்க. அந்தச் சின்னது இல்ல, பெருசு. பால்கனிக் கதவையும் திறங்க. குழாயை முழுசா திறந்து விட்டுட்டு இந்தப் பக்கம் வந்து நில்லுங்க.

— வந்துட்டேன், வந்துட்டேன். பதறாதீங்க அத்தை. ஆமா, உங்களுக்கு வாசம் வரலையா? நீச்சல் குளத்துல முங்கி எந்திரிச்ச மாதிரி அடிக்குதே.

— என்ன வாசம்? எனக்கு ஒண்ணும் வரல. அதுக்காக ஜன்னலைத் திறக்காம இருக்க முடியுமா? ரூல்ஸ் ரூல்ஸ்தான்.

— ஒண்ணுமே வரலையா?

— மூடியைப் பத்திப் பேசுங்க மாப்பிள்ளை. எந்த மூடி எந்த பாட்டிலோடது?

— அது... இப்ப எல்லா பாட்டிலுக்கும் ஒரு மூடி போட்டு வெச்சிருக்கேன். சரியா பொருந்துது.

— பொருந்தத்தானே செய்யும்! அத்தனையும் ஒரே ஹோட்டல் தண்ணி பாட்டில். முப்பத்தோரு வருஷம் ஹவுஸ்கீப்பிங் பார்த்தவ வீட்டுல வேற என்ன பாட்டில் இருக்கும்? இருநூறு ரூம், நாப்பது பொண்ணுங்க. அதுல பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. அதனாலதான் நான் மூடி நிறத்தை வெச்சு ஒரு முறை பண்ணினேன். சிவப்பு மூடின்னா கழிவறை ஆசிட். மஞ்சள்னா பிளீச்சிங் தண்ணி. நீலம் கண்ணாடிக்கு, பச்சை அடைப்பு எடுக்க, கருப்புன்னா தின்னர், பெயிண்ட் வகையறா. வேலையை விட்டு வந்தப்புறமும் வீட்டுல அதே முறைதான். அது மூடி இல்ல மாப்பிள்ளை, அதுதான் அதோட பேரு. பதினெட்டு பேரையும் அழிச்சு, பளபளன்னு பாலிஷ் போட்டுக் கொடுத்திருக்கீங்க.

— பாட்டில் மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கலாமே அத்தை.

— உங்க மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வர்றவங்களுக்கு எழுத்து தெரியணும். என் வேலையில நிறம் தெரிஞ்சா போதும்.

— சரி, நடந்தது நடந்துடுச்சு. ஒண்ணு பண்ணலாமா? பெரிய வாளியா எடுத்து, பதினெட்டையும் ஒண்ணா ஊத்தி, ஒரே மூடியா...

— வாளியைக் கீழ வைங்க.

— இன்னும் எடுக்கவே இல்லையே.

— எடுக்கணும்னு நினைச்சதையும் கீழ வைங்க. ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தா என்ன ஆகும் தெரியுமா? இப்ப மூடியில ஒட்டியிருந்த சொட்டு சேர்ந்ததுக்கே உங்க கண்ணு எரிஞ்சுது. எங்கிட்ட புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி, சீக்கிரம் வெளுக்கட்டுமேன்னு ரெண்டையும் பாத்ரூம்ல ஊத்திட்டு, கதவைச் சாத்திக்கிட்டுத் தேய்ச்சிக்கிட்டிருந்தா. நான்தான் ரெண்டு கையிலயும் அள்ளிட்டு வந்து வெராண்டாவுல போட்டேன். மூணு நாள் இருமினா பாவம். 

— அப்ப சிங்க்ல ஒவ்வொண்ணா...

— கீழ் வீட்டுக் குழாய் வழியாத்தானே போகும்? அவங்க என்ன பாவம் பண்ணினாங்க? அப்புறம் அது போய்ச் சேர்ற ஆறு என்ன பாவம் பண்ணுச்சு? உங்க பொண்டாட்டி ஒரு முழத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்காளே, அதுல என்ன இருக்குன்னு படிங்க.

— படிக்கிறேன். ஒண்ணு, எதையும் எதோடயும் கலக்கக் கூடாது. ரெண்டு, சாக்கடையில ஊத்தக் கூடாது, குப்பைத்தொட்டியில போடக் கூடாது. மூணு, எல்லாத்தையும் நிக்க வெச்சுத்தான் கொண்டுபோகணும், படுக்க வைக்கக் கூடாது. நாலு, எதையும் மோந்து பார்க்கக் கூடாது. இதுக்கு மட்டும் அடியில ரெண்டு கோடு போட்டிருக்கா.

— அந்த ரெண்டு கோடு எனக்குத்தான்.

— பொதுவா எழுதினதா இருக்கும் அத்தை.

— என் வயித்துல பொறந்தவளோட கோடு எனக்குத் தெரியாதா? போன வாரம் ஒரு பால் பாத்திரம் கருகிப் போச்சு. பக்கத்து வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தா, அடுப்பை அணைச்சா, அதோட நிக்காம உங்க வீட்டுக்கும் போன் போட்டா. அவ்வளவுதான், அம்மாவுக்கு மூக்கு போச்சு, அம்மா இனிமே தனியா இருக்கக் கூடாதுன்னு என் பொண்ணு தீர்ப்பு எழுதிட்டா.

— அவ பயப்படறதுலயும் நியாயம் இருக்குல்ல? அடுப்புக்கு நாலடி தள்ளி உக்காந்து நீங்க பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தீங்களாம். கேஸ் கசிஞ்சா? இந்த பாட்டில் ஏதாவது கவுந்தா? அவ சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். இந்த பாட்டில் எல்லாம் இன்னைக்கு ஆபத்தான குப்பையை எடுக்க வர்ற வேன்ல ஏறணும். அம்மாவுக்கு மூக்கு நல்லா இருந்தா இங்கயே ராணி மாதிரி இருக்கட்டும். இல்லன்னா நம்ம வீட்டுக்கு வந்துடட்டும்.

— என் மூக்குக்கு ஒரு கேடும் இல்ல. நான் யார் வீட்டுக்கும் வந்து ஒண்டிக்கிட்டு இருக்கிறவ இல்ல. அவ மூணு தடவை கூப்பிட்டா. மூணு தடவையும் முகத்துக்கு நேரா முடியாதுன்னுட்டேன். கடைசித் தடவை உங்க சொந்தக்காரங்க எல்லாரையும் வெச்சுக்கிட்டே சொன்னேன்.

— ஞாபகம் இருக்கு. என் கால் ஒடிஞ்சாலும் என் வீட்டுத் தரையிலதான் ஊர்ந்து போவேன்னீங்க. எங்க பெரியப்பா இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

— இன்னுமா சொல்றார்?

— போன மாசம் கூட.

— ம்... சரி, வேன் எத்தனை மணிக்கு?

— பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு வரைக்கும், பூங்கா வாசல்ல. விட்டா அடுத்தது நாலு மாசம் கழிச்சுத்தான். நான் கீழ போய் கார்லேர்ந்து அட்டைப்பெட்டி எடுத்துட்டு வந்துடறேன்.

— போங்க. நான் அதுக்குள்ள மத்ததை எடுத்து வைக்கிறேன்.

.

— வந்தாச்சு அத்தை. ரெண்டு பெட்டி.

— ரெண்டு பெட்டி எடுக்கக் கால் மணி நேரமா?

— கார் கொஞ்சம் தள்ளி நிக்குது. 

— வாயில என்ன?

— புதினா மிட்டாய். வேணுமா?

— காலையிலேர்ந்து இது நாலாவது. பல்லு போயிடும் பார்த்துக்கங்க. இந்தாங்க, இதெல்லாம் தனிப் பெட்டியில வைங்க. தீர்ந்துபோன பேட்டரி, உடைஞ்சுபோன காய்ச்சல் கண்ணாடிக் குச்சி, அதை டப்பாவோட அப்படியே வைங்க, உள்ள பாதரசம் உருண்டுக்கிட்டிருக்கு. இது கரப்பான் ஸ்பிரே.

— இதுல ஒரு ஓட்டை போட்டுக் காத்தை எடுத்துட்டா இடம் அடைக்காதுல்ல?

— உங்களை எப்படி மாப்பிள்ளை என் பொண்ணு கடைக்குத் தனியா அனுப்புறா? ஓட்டை போட்டா வெடிக்கும். அப்படியே வைங்க.

— சரி சரி. இப்ப பாட்டில். உள்ள என்ன இருக்குன்னு தெரியாததுக்கு எல்லாம் "தெரியாது"ன்னு சீட்டு ஒட்டணுமாம். அவங்களே பார்த்துக்குவாங்களாம்.

— தெரியாதுன்னா? என் வீட்டு பாட்டில்ல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நானே எழுதணுமா? கொண்டாங்க இங்க. ஒவ்வொண்ணா திறந்து மோந்து பார்த்தே சொல்லிடறேன். அப்பத்தான் உங்க பொண்டாட்டிக்கும் புத்தி வரும்.

— முடியாது அத்தை. ரெண்டு கோடு.

— நாலு கோடு போடட்டும். ரூம் கதவைத் திறந்ததும் யார் உள்ள என்ன சாப்பிட்டாங்க, யார் ஜன்னலைத் திறந்து வெச்சுப் புகை ஊதினாங்கன்னு சொன்னவ நான். மேனேஜர் என்னை வெச்சுத்தான் அபராதம் போடுவார்.

— அது அந்தக் காலம். ஆசிட்டை மோந்து நுரையீரல் வெந்து போச்சுன்னா யார் பதில் சொல்றது? சரி, இப்படிச் செய்யலாம். ஒண்ணே ஒண்ணு. இந்த பாட்டில் மட்டும். கிட்ட வைக்காதீங்க, தூரத்துல வெச்சுக் கையால காத்தை விசிறி விட்டுப் பாருங்க.

— ஏன், இந்த பாட்டில் மட்டும் என்ன ஒசத்தி?

— ஒசத்தி எல்லாம் இல்ல. சும்மா கைக்கு வந்துச்சு.

— அப்படியா... கொடுங்க. ம்... ஆஹா. இதுக்கு யோசிக்கவே வேண்டாம். அமோனியா.

— அமோனியாவா?

— சுத்தமான அமோனியா. கண்ணாடிக்குப் போடறது. மூக்கைப் பிச்சுக்கிட்டுப் போகுது, உங்களுக்குத் தெரியல?

— இன்னொரு தடவை பாருங்களேன் அத்தை. அவசரப்படாம.

— எத்தனை தடவை பார்த்தாலும் அமோனியாதான். எழுதுங்க, அ, மோ, னி, யா. என்ன, ஏன் முகம் இப்படி வாடிப் போச்சு?

— ஒண்ணுமில்ல. எழுதுறேன்.

— நான்தான் சொன்னேனே, என் மூக்குக்கு ஒரு கேடும் இல்லன்னு. சரி, மத்ததுக்கு உங்க இஷ்டப்படியே ஆகட்டும். பேனாவைக் கொடுங்க, நானே எழுதுறேன். தெரியாது. தெரியாது. தெரியாது. ஸ்கூல்ல கூட நான் இப்படி எழுதினதில்ல. கை கூசுது மாப்பிள்ளை.

— இதுல என்ன வெக்கம் அத்தை? தெரியாததைத் தெரியாதுன்னுதானே எழுதுறோம்.

— சூப்பர்வைசரா இருந்தவளுக்கு அதுதான் வராத வார்த்தை. தெரியாதுன்னும் சொல்ல வராது, வேணும்னும் கேக்க வராது. இதோ, பதினெட்டு சீட்டும் எழுதியாச்சு. ஒட்டுங்க.

— ஒட்டிட்டேன். கிளம்பலாமா?

— உங்க வீட்டுல அந்தக் கிழக்குப் பக்கத்து ரூம்ல இன்னும் உங்க சைக்கிள்தான் குடியிருக்கா?

— ஆமா. எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மாதான். காலை வெயில் நல்லா விழற ரூம்ல கொண்டுபோய் யாராவது சைக்கிளை நிறுத்துவாங்களா? அறிவில்லாத வேலை. தூக்குங்க பெட்டியை. நிக்க வெச்சே தூக்குங்க.

.

— வாங்க சார், வாங்கம்மா. பெட்டியை இந்த மேஜை மேல வைங்க. கையுறையைக் கழட்டாதீங்க. இங்க யாரும் பீடி, சிகரெட் எதுவும் பத்த வைக்கக் கூடாது, வேன்ல எல்லாம் சட்டுனு தீப்பிடிக்கிற சரக்கு.

— அய்யோ மேடம், நான் சிகரெட்டை விட்டே ஆறு மாசம் ஆச்சு.

— ஆமாம்மா. என் பொண்ணு ஊரெல்லாம் சொல்லிப் பூரிச்சுப் போறா. எங்க வீட்டுக்காரர் ஒரே நாள்ல விட்டுட்டார்னு.

— நல்ல விஷயம் சார். சரி, என்ன கொண்டு வந்திருக்கீங்க? அடடா, இவ்வளவு தண்ணி பாட்டிலா? யார் இந்த வேலை பண்ணினது? குடிக்கிற பாட்டில்ல விஷத்தை ஊத்தி வெச்சா, தாகத்துல வர்ற மனுஷன் எடுத்துக் குடிச்சிடுவாரே.

— நான்தான்மா. மூடி நிறத்தை வெச்சு ஒரு முறை இருந்தது. சிவப்புன்னா ஆசிட், மஞ்சள்னா...

— அந்த முறை உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வர்றவங்களுக்குத் தெரியுமா?

— நியாயமான கேள்வி. எனக்கு இத்தனை வருஷமா இது தோணலை பாரேன். வீட்டுக்கு வர்றவங்கன்னு ஒரு பேச்சே இல்லாம போச்சு, அதனாலயோ என்னவோ.

— கடையில வாங்கின டப்பாவுலயே வெச்சிருந்தா உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். ஒவ்வொண்ணுலயும் இந்தச் சோதனைத் தாளைத் தொட்டுப் பார்த்துத்தான் பிரிக்கணும். ஆசிட் ஒரு தட்டு, காரம் ஒரு தட்டு. கொஞ்ச நேரம் ஆகும், பரவாயில்லையா?

— மெதுவா பாரும்மா. எனக்கு என்ன அவசரம்? காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கியே, ஏதாவது குடிச்சியா? மூணாவது மாடிதான் என் வீடு. மேல வா, சூடா டீ போட்டுத் தர்றேன். இந்த முகமூடியைக் கழட்டிட்டுப் பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போ.

— ஒரு மணி வரைக்கும் நகர முடியாதும்மா. ஆனா கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்.

— எத்தனை வருஷமா இந்த வேலை? கை காயுமே? ராத்திரி படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தடவுறியா? எங்க ஹோட்டல் பொண்ணுங்களுக்கு நான் தினமும் சொல்வேன். ஒருத்தியும் கேக்க மாட்டா, ஆனா கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் முதல்ல என்கிட்டதான் வருவாளுங்க. வேலைக்கு வந்தா வாய் ஓயாது. துணி மடிக்கிற ரூம்ல உக்காந்துட்டா சந்தைக்கடை தோத்துது.

— அத்தை, பின்னாடி வரிசை நிக்குது. ஒருத்தர் ஹாரன் அடிக்கிறார்.

— அடிக்கட்டும். பேட்டரி தீர்ந்தா இங்கயே கொடுத்துட்டுப் போகட்டும்.

— சிரிக்க வைக்காதீங்கம்மா, கை நடுங்குது. இது ஆசிட். இதுவும் ஆசிட். இது காரம், பிளீச்சிங்காத்தான் இருக்கும். இது ஒரு சொட்டு விட்டா தண்ணியில கலக்காம மேல மிதக்குது, தின்னர். இந்த ரெண்டும் அடைப்பு எடுக்கறது, தொட்டா தோல் உரிஞ்சுடும். இதுல மட்டும் பேர் எழுதியிருக்கே, அமோனியா...

— அதை விட்டுடுங்க மேடம். அதைப் பார்க்க வேண்டாம்.

— பார்க்காம எப்படி சார் தட்டுல வைக்கிறது? அட, தாள் நிறமே மாறலையே. ஒரு நிமிஷம், வேற தாள் எடுக்கிறேன். இல்ல, இதுலயும் ஒண்ணும் இல்ல. யாரும்மா இதுல அமோனியான்னு எழுதினது? இது வெறும் தண்ணி.

— வெறும் தண்ணியா? இருக்காதே...

— குழாய்த் தண்ணிம்மா. வேணும்னா செடிக்கு ஊத்துங்க.

— ஓ.

— அத்தை, நீங்க அந்த மரத்தடியில போய் உக்காருங்களேன். வெயில் ஏறுது.

— இருக்கட்டும் மாப்பிள்ளை.

— எண்ணிக்கைச் சீட்டுல கையெழுத்து போடுங்க சார். பாட்டில் பத்தொன்பது, அதுல ஒண்ணு தண்ணி, திருப்பித் தர்றேன். பேட்டரி ஒரு பை, பாதரசக் குச்சி ஒண்ணு, ஸ்பிரே ஒண்ணு. 

— பத்தொன்பதா?

— ஆமாம்மா, ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஏன், குறையுதா?

— இல்ல, குறையல. 

— இனிமே எதையும் பாட்டில் மாத்தி ஊத்தாதீங்கம்மா. தேவைக்கு மட்டும் வாங்குங்க. மிச்சம் இருந்தா அடுத்த தடவை, நாலு மாசம் கழிச்சு இதே இடம்.

— நாலு மாசம் கழிச்சு நான் இந்தத் தெருவுலயே இருக்கேனோ இல்லையோ.

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை. வாங்க, போகலாம்.

.

— மெதுவா ஏறுங்க அத்தை. கைப்பிடியைப் பிடிச்சுக்கங்க.

— மூக்குதான் சந்தேகம், கால் நல்லாத்தான் இருக்கு.

— அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது.

— மூடி கழுவினதுக்கே கோச்சுக்கல. சொல்லுங்க.

— அந்த தண்ணி பாட்டில் உங்களோடது இல்ல. முன்னாடி நீங்க கண்ணாடி துடைக்க ஏதோ ஊத்திக் கொடுத்து விட்டீங்கள்ல, அந்தக் காலி பாட்டில் எங்க வீட்டுல கிடந்தது. உங்க பொண்ணுதான் நல்லா கழுவி, தண்ணி புடிச்சு, என் பையில வெச்சு அனுப்பினா. அம்மா எப்படியும் மோந்து பார்த்தே தீருவாங்க, வேற எதையும் கொடுத்துடாதீங்க, இதைக் கொடுத்து என்ன சொல்றாங்கன்னு மட்டும் பாருங்கன்னா. எனக்குப் பிடிக்கவே இல்ல. உங்களை வேவு பார்க்க வந்த மாதிரி ஆயிடுச்சு.

— என் பொண்ணு கெட்டிக்காரி. 

— கோவம் இல்லையா?

— என்ன கோவம்? அப்ப நான் தண்ணியை அமோனியான்னு சொல்லிட்டேன். தோத்துட்டேன். இருங்க, கதவைத் திறக்கிறேன். உக்காருங்க. நீங்க எப்ப அவகிட்ட சொல்லப் போறீங்க?

— சொல்லப் போறதில்ல.

— என்னது?

— முடிவு பண்ணிட்டேன் அத்தை. படியேறும்போதே முடிவு பண்ணிட்டேன். நீங்க மரத்தடியில கூட உக்காராம, அந்த தண்ணி பாட்டிலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னீங்களே, எனக்கு மனசே சரியில்லாம போச்சு. அம்மா டக்குன்னு தண்ணின்னு சொல்லிட்டாங்கன்னு அவகிட்ட சொல்லிடறேன். கேஸ் கசிஞ்சா கத்துற கருவி ஒண்ணு இருக்கு, நாளைக்கே வாங்கிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்துல மாட்டிடறேன். ஆபத்தான பாட்டில் எல்லாம்தான் போயாச்சே. நீங்க இங்கயே இருங்க.

— அதெப்படி மாப்பிள்ளை? கட்டின பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லலாமா?

— உங்களுக்காகத்தானே.

— எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டாம். சொல்லிடுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்.

— நீங்க தாங்குவீங்க, என்னால தாங்க முடியாது. நாளைக்கு எங்க வீட்டுல ஒரு மூலையில நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, என்னாலதானேன்னு எனக்கு ஒரு வாய் சோறு இறங்குமா?

— மூலையில ஏன் உக்காரணும்? கிழக்கு ரூம்தான் இருக்கே. அதாவது, ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.

— பேச்சுக்குக் கூட வேண்டாம். கால் ஒடிஞ்சாலும் இந்தத் தரையிலதான்னு சொன்னவங்க நீங்க. அந்த ரோஷத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். எங்க பெரியப்பா சிரிக்கட்டும், எனக்கு அது பெருமைதான்.

— அந்த ரோஷத்தைத் தூக்கி வேன்ல போட்டிருக்கலாம்.

— என்ன சொல்றீங்க?

— ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை, இருநூறு கதவைத் தட்டிக்கிட்டு இருந்தவ நான். ஒரு நாளைக்கு நாப்பது பேர் அக்கா அக்கான்னு கூப்பிடுவாங்க. இப்ப என் கதவை வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி கேன் போடறவர் தட்டறார். அவரும் வெளியிலயே வெச்சுட்டுப் போயிடறார். உங்க பொண்டாட்டி மூணு தடவை கூப்பிட்டா. நாலாவது தடவை கூப்பிடுவான்னு நானும் ஒரு வருஷமா பார்க்கிறேன், கூப்பிடலை. அவ மேல தப்பு இல்ல. நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசினவளை எந்த முகத்தோட திரும்பக் கூப்பிடுவா?

— அதனாலதான் சொல்றேன், இனிமே கூப்பிட மாட்டா, கவலைப்படாதீங்க. மூக்கு விஷயம் நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். இதோ, அவதான் போன் பண்றா. எடுத்து எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிடறேன்.

— எடுக்காதீங்க! ஒரு நிமிஷம் இருங்க.

— அடிக்குதே அத்தை. எடுக்கலைன்னா பயந்துடுவா. பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லதான், ஆனா உங்களுக்காக இந்த ஒரு தடவை...

— அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வருவோம் மாப்பிள்ளை. என் மூக்கு போச்சுன்னு நீங்க அவகிட்ட சொல்லிடுங்க, காலையில நான் கதவைத் திறந்ததுலேர்ந்து அந்தப் புதினா மிட்டாயையும் மீறி உங்க சட்டையில அடிக்கிற சிகரெட் வாசத்தைப் பத்தி நான் மூச்சு விட மாட்டேன்.